‘மாட்டேன்’ என்று சொல்லவும் ஒரு சம்பளம்



“விமானி வாங்கும் சம்பளம் பறக்கிற சுகத்துக்கா? சுமக்கிற பொறுப்புக்கா?” இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி, சுகத்துக்கே என்று அடித்துப் பேசிவிட்டுப் போனார். என்ன சொன்னார்? “ஐயா, டாக்டரை விடச் சம்பளம். கலெக்டரை விடச் சம்பளம். தங்குவது ஐந்து நட்சத்திர ஓட்டல். மேலே போனதும் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டால் விமானம் தானாப் போகுது. இவருக்கு எதுக்கையா இத்தனை லட்சம்?” நல்லா கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். தமிழ்ப் பேராசிரியர் சம்பளத்தை நினைச்சு தட்டினேன். (சிரிப்பு)

கல்யாணத் தரகர்களுக்கும் இந்தச் சங்கதி தெரியும். தரகர் சொல்றார், “மாப்பிள்ளை பைலட். நல்ல சம்பளம். ஒரே ஒரு குறை, மாசத்துல பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார்.” பெண்ணோட அம்மா உடனே கேட்டாங்களாம், “இதைப் போய் குறைன்னு சொல்றீங்களே, இது வரம் இல்லையா?” (பலத்த சிரிப்பு)

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருத்தன் வாங்குகிற சம்பளம் நியாயமா இல்லையா என்று எப்படித் தீர்மானிப்பது? இன்றைக்குக் கையில் வாங்குகிற தொகையை மட்டும் பார்த்தால் வயிறுதான் எரியும். அந்தச் சம்பளம் எப்படி வந்தது, யார் கேட்டு வந்தது, யார் செத்து வந்தது என்று பார்க்கணும். அதனால் இன்றைக்கு நான் இலக்கியத்தை ஓரமாக வைத்துவிட்டு வரலாறு பேசப் போகிறேன். அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். விமானிக்கு இவ்வளவு கூலி, இத்தனை மணி நேரம்தான் வேலை என்று சண்டை போட்டு எழுதி வாங்கிய கதை அங்கேதான் தெளிவாகக் கிடைக்கிறது.

1918 மே 15. வாஷிங்டனில் விமானத் தபால் தொடங்கும் நாள். ஜனாதிபதி வுட்ரோ வில்சன் நேரில் வந்து நிற்கிறார். ஜார்ஜ் பாயில் என்று ஓர் இளம் ராணுவ விமானி ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைச் சுற்றுகிறார்கள், சுற்றுகிறார்கள், கிளம்பவே மாட்டேன் என்கிறது. என்னடா என்று பார்த்தால், டாங்கியில் பெட்ரோல் இல்லை! (சிரிப்பு) ஒருவழியாக ஊற்றிக் கிளப்பினார்கள். அவர் போக வேண்டியது வடக்கே பிலடெல்ஃபியா. அந்தக் காலத்தில் வழிகாட்ட ரேடியோ ஏது? கீழே தெரிகிற ரயில் தண்டவாளத்தைப் பார்த்துப் போகணும். இவர் வேறொரு தண்டவாளத்தைப் பிடித்துத் தெற்குப் பக்கம் போய், வால்டார்ஃப் என்ற ஊரில் வயலில் இறங்கி விமானத்தைக் கவிழ்த்துவிட்டார். வானத்தில் போன தபால் தரை வழியாக வாஷிங்டனுக்கே திரும்பி வந்தது. (சிரிப்பு)

இந்தக் கதைக்குச் சிரிக்கிறோம். அடுத்த கணக்குக்குச் சிரிக்க முடியாது. அந்தத் தபால் சேவையை அரசாங்கம் நடத்திய ஒன்பது வருஷத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட விமானிகள் செத்துப் போனார்கள். எதுக்காக? கடுதாசிக்காக! மழை, மூடுபனி, இருட்டு. திறந்த இருக்கை, முகத்தில் அடிக்கிற எண்ணெய். நல்ல சம்பளம்தான் கொடுத்தார்கள். அதை வாங்கிச் செலவழிக்க ஆள் உயிரோடு இருக்கணுமே!

1919 ஜூலையில் ஒன்று நடந்தது. இந்தப் பட்டிமன்றத்துக்கே உயிர்நாடி அதுதான், கவனமாகக் கேளுங்கள். நியூயார்க் பக்கம் கடும் மூடுபனி. ஓடுதளமே தெரியவில்லை. தபால் துறையில் ஆட்டோ பிரேகர் என்று ஓர் அதிகாரி. வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டு, “வானிலை எப்படி இருந்தாலும் தபால் போயாகணும்” என்று உத்தரவு போட்டிருந்தார். லியான் ஸ்மித், ஹாமில்டன் லீ என்று இரண்டு விமானிகள், “இந்தப் பனியில் பறக்க மாட்டோம்” என்றார்கள். உடனே வேலை நீக்கம். மற்ற விமானிகள் எல்லாரும் வண்டியை விட்டு இறங்கிவிட்டார்கள். வேலைநிறுத்தம்!

சில நாளில் சமாதானம் ஆனது. என்ன சமாதானம் தெரியுமா? பறக்கலாமா வேண்டாமா என்பதை இனிமேல் அந்தந்தக் களத்தில் இருக்கும் மேலாளர் முடிவு செய்வார். அவர் பறக்கலாம் என்று சொல்லி, விமானி வேண்டாம் என்றால், மேலாளர் தானும் விமானத்தில் ஏறி ஒரு சுற்று வந்து காட்டணும்! (கைதட்டல்) அதுக்கு அப்புறம் மேலாளர் கண்ணுக்கும் மூடுபனி நல்லாத் தெரிந்திருக்கும். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, அந்த விமானிகள் அன்றைக்குச் சண்டை போட்டது கூடுதல் கூலிக்காக அல்ல. ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமைக்காக. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 1930-கள். உலகம் முழுக்கப் பொருளாதார வீழ்ச்சி. ஒரு வேலைக்கு நூறு பேர் நிற்கிறார்கள். சிகாகோவில் செஞ்சுரி ஏர்லைன்ஸ். அதன் முதலாளி எர்ரெட் கார்டு 1932-இல் விமானிகளின் சம்பளத்தைப் பெருமளவு வெட்டினார். கேட்டவர்களுக்குக் கதவைச் சாத்தினார். வெளியிலே ஆள் கிடைக்கும்போது உள்ளே இருப்பவனுக்கு என்ன மரியாதை? ஆனால் அதற்கு முந்தின வருஷம்தான், 1931-இல், டேவிட் பென்கி என்ற விமானி சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அந்தச் சங்கம் இவர்களுக்குப் பின்னால் நின்றது. நாடாளுமன்றம் வரைக்கும் விஷயம் போயிற்று.

1934-இல் தேசியத் தொழிலாளர் வாரியம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ‘83-ஆம் தீர்ப்பு’ என்று அதற்குப் பெயர். மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது. சம்பளம் மூன்று பகுதியாக இருக்கணும்: அடிப்படைச் சம்பளம், பறந்த மணிக்குக் கூலி, பறந்த மைலுக்குக் கூலி. “மணிக்கணக்குத்தான் இருக்கே, மைல்கணக்கு எதுக்கு?” என்று கேட்கலாம். அங்கேதான் அந்த விமானிகளின் மூளையைப் பார்க்கணும். ஃபோர்டு ட்ரைமோட்டார் என்ற பழைய விமானம் மணிக்கு நூறு மைல் அளவில் போனது. 1933-இல் வந்த போயிங் 247 மணிக்கு 150 மைலைத் தாண்டியது. விமானம் வேகமாகப் போகப் போக, அதே தூரத்துக்கு மணி குறையும். மணிக்கணக்குக் கூலி மட்டும் என்றால் என்ன ஆகும்? வேகம் முதலாளிக்கு லாபம், விமானிக்கு நஷ்டம்.

நம்ம ஊர்க் கைத்தறி நெசவாளியை நினைத்துப் பாருங்கள். விசைத்தறி வந்தது. வேகம் கூடியது. துணி கூடியது. நெசவாளி அடுப்பில் சோறு கூடியதா? இல்லையே! வேகத்தின் லாபத்தில் அவனுக்குப் பங்கு எழுதிக் கொடுப்பார் யாரும் இல்லை. விமானி மட்டும், “மெஷின் வளர்ந்தால் என் கூலியும் வளரணும்” என்று எழுதி வாங்கிக்கொண்டான். ஜெட் வந்தது. 1970-இல் ஜம்போ ஜெட் வந்தது. பெரிய விமானத்துக்குப் பெரிய சம்பளம் என்று ஆனது. எதிரணித் தம்பி பொறாமைப்படுகிற சம்பளம் இப்படித்தான் ஏறியது. சுகத்துக்காக யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை ஐயா!

ஏறினது இறங்காதா? இறங்கியது. 1978-இல் அமெரிக்க அரசு விமானத் தொழிலின் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்டணத்துக்கும் பறக்கலாம். டிக்கெட் விலை குறைந்தது. நமக்குச் சந்தோஷம். ஆனால் குறைந்த விலையை யார் தலையில் கட்டுவது? 1983-இல் கான்டினென்டல் நிறுவனம் திவால் மனுப் போட்டு, பழைய ஒப்பந்தங்களைக் கிழித்து, சம்பளத்தைச் சுமார் பாதியாக்கியது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு வரிசையாகப் பல நிறுவனங்கள் திவால் மனு, சம்பள வெட்டு, ஓய்வூதிய வெட்டு.

இப்போது 2009-க்கு வருவோம். அந்த ஒரே வருஷத்தில், நான்கு வார இடைவெளியில், இரண்டு சம்பவங்கள்.

ஜனவரி 15. நியூயார்க்கில் ஒரு விமானம் மேலே கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வாத்துக் கூட்டம் மோதியது. இரண்டு எஞ்சினும் போச்சு. கேப்டன் சல்லன்பெர்கருக்கு வயது 57. பத்தொன்பதாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம். பறவை மோதியதிலிருந்து தண்ணீரைத் தொடும்வரை அவருக்குக் கிடைத்தது சுமார் மூன்றரை நிமிஷம். நாம் பல் தேய்க்கிற நேரம்! விமான நிலையத்துக்குத் திரும்ப முடியாது என்று முடிவெடுத்து, ஹட்சன் ஆற்றில் இறக்கினார். உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். (கைதட்டல்)

உலகமே கொண்டாடிய அந்த மனிதர், அடுத்த மாதம் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் போய் என்ன சொன்னார்? தன் சம்பளத்தில் 40 சதவீதம் வெட்டப்பட்டது என்றார். ஓய்வூதியம் போய்விட்டது என்றார். தனக்குத் தெரிந்த விமானிகளில் ஒருவர்கூடத் தன் பிள்ளை இந்த வேலைக்கு வரணும் என்று விரும்பவில்லை என்றார். 155 உயிரைக் காப்பாற்றிய கைக்கு நாடு கொடுத்த மரியாதை அது.

பிப்ரவரி 12. அதே நியூயார்க் மாநிலம், பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய விமானம் வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். துணை விமானி 24 வயதுப் பெண். அவருடைய ஆண்டுச் சம்பளம் 24,000 டாலரைத் தாண்டவில்லை. வேலை நாட்டின் கிழக்குக் கரையில். பெற்றோரோடு வசித்தது மேற்குக் கரையில் சியாட்டில் பக்கம். முந்தின ராத்திரி முழுக்க சரக்கு விமானத்தில் தொற்றிக்கொண்டு நாட்டையே கடந்து வந்து, விமான நிலையத்தின் ஓய்வறையில் கண்ணை மூடிவிட்டு, வேலைக்கு ஏறினார்.

நான் நியாயமாகப் பேசணும். விசாரணை அறிக்கை, விபத்துக்குக் காரணம் கேப்டன் எச்சரிக்கைக்குத் தவறாகக் கையாண்ட விதம் என்றுதான் சொன்னது. களைப்பு இருந்தது, ஆனால் அதன் பங்கு எவ்வளவு என்று அளக்க முடியவில்லை என்றது. சரி. ஆனாலும் நான் கேட்கிறேன் தாய்மார்களே, உங்கள் பிள்ளை போகிற விமானத்தை, ராத்திரி தூங்காமல் வந்த ஒருவர் ஓட்டணுமா? “எனக்கு உடம்பு முடியவில்லை, இன்றைக்குப் பறக்க மாட்டேன்” என்று சொன்னால், அந்தச் சம்பளத்தில் அந்த மாசம் வாடகை கொடுக்க முடியுமா? கையில் காசு இல்லாதவன் வாயில் ‘மாட்டேன்’ என்ற சொல் வராது ஐயா! (பலத்த கைதட்டல்)

அந்தக் குடும்பங்களின் கண்ணீருக்குப் பிறகு சட்டம் மாறியது. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும் என்றார்கள். ஓய்வு நேரம் கூட்டப்பட்டது. கொரோனா முடிந்ததும் விமானிகளுக்குத் தட்டுப்பாடு. 2023-இல் டெல்டா நிறுவனத்தின் விமானிகள் நான்கு வருஷத்துக்கு 34 சதவீத உயர்வு வாங்கினார்கள். தம்பி நாளிதழில் படித்தது அந்த உயர்வைத்தான். அதற்குப் பின்னால் நூறு வருஷ ஏற்ற இறக்கம் இருக்கிறது என்று நாளிதழில் போடவில்லை.

“அமெரிக்காவையே சொல்றீங்களே, நம்ம நாடு?” என்று நடுவர் என்னைப் பார்க்கிறார். வருகிறேன் ஐயா. 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக எங்கே கொண்டுவந்து சேர்த்தார் தெரியுமா? நம்ம மெட்ராஸுக்கு! இந்தியாவின் விமானத் தொழில் பிறந்த கதையில் நமக்கும் பங்கு உண்டு.

அந்தப் பெருமைமிக்க தொழிலில் என்ன பார்த்தோம்? கிங்ஃபிஷர் விமானத்தின் பளபளப்பு ஊர் அறிந்தது. 2012-இல் ஊழியர்களுக்கு மாசக்கணக்கில் சம்பளம் இல்லாமல் அந்தக் கம்பெனி நின்றே போனது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அங்கேயும் விமானிகளுக்குச் சம்பளப் பாக்கி. சட்டையில் தங்கப் பட்டை நான்கு. வீட்டில் கடன் தவணை பாக்கி! ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்கினவர் அவர்தான். ஆனால் பில் கட்டினது கம்பெனி. அந்த ஓட்டல் சாவியைக் காட்டிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட முடியுமா?

விமானிகளின் களைப்பைக் குறைக்க நம் நாட்டிலும் புது விதிகள் வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. ராத்திரித் தரையிறக்கங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2025 நவம்பர் 1 முதல் விதிகள் முழுசாக நடைமுறை. டிசம்பர் தொடக்கத்தில் நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோவில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. பயணிகள் பெட்டியோடு தரையில் படுத்துக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே! விமானி ஒழுங்காகத் தூங்கணும் என்றதும் தடுமாறுகிற கால அட்டவணை என்றால், அதுவரைக்கும் அது யாருடைய தூக்கத்தில் ஓடியது? (கைதட்டல்)

இப்போது மற்றத் தொழில்களோடு ஒப்பிடுவோம். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் வகுப்பில் ஒரு பாட்டுக்குப் பொருள் மாற்றிச் சொன்னால் பையனுக்கு இரண்டு மார்க் போகும். அவன் கவனித்திருந்தால்தான் அதுவும் போகும்! (சிரிப்பு) வக்கீலுக்கு வாய்தா உண்டு. எழுத்தாளருக்கு அடுத்த பதிப்பு உண்டு. அறுவை சிகிச்சை செய்யும் டாக்டருடைய பொறுப்பு மகத்தானது, மறுக்கவில்லை. ஆனால் அவர் கையில் ஒரு நேரத்தில் ஓர் உயிர். விமானி கையில் இருநூறு உயிர், அதில் ஒன்று அவருடையது.

அதுமட்டுமா? எனக்குச் சர்க்கரை இருக்கிறதா, கண் தெரிகிறதா என்று எந்தக் கல்லூரி முதல்வரும் கேட்டதில்லை. விமானிக்கு வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சிமுலேட்டரில் உட்காரவைத்துத் தேர்வு. முப்பது வருஷம் ஓட்டினவரும் மறுபடி பாஸ் பண்ணணும். நம் பேராசிரியர்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தேர்வு வைத்துப் பாருங்கள், பாதிக் கல்லூரியில் ஆள் இருக்காது. (பலத்த சிரிப்பு) இதயத்தில் ஒரு கோளாறு, காதில் ஒரு கோளாறு என்றால் லட்சச் சம்பளம் அன்றோடு நின்றுபோகும். அதுவும் தீபாவளிக்கு வீட்டில் இருப்பாரா என்று மனைவிக்குத் தெரியாத வாழ்க்கை.

“பொத்தானை அமுக்கினால் தானாப் போகுது” என்றார் தம்பி. புறநானூற்றில் ஒரு பாட்டில் வலவன், அதாவது ஓட்டுகிறவன், இல்லாமலே போகும் வான ஊர்தி வருகிறது. நம்ம முன்னோர் அப்போதே கற்பனை செய்துவிட்டார்கள். ஆனால் அதில் யார் ஏறலாம் தெரியுமா? நல்லபடி வாழ்ந்து, புலவர் பாடும் புகழோடு செத்துப்போனவர்கள்! தம்பி, விமானி இல்லாத விமானத்தில் ஏற ஆசை என்றால் அதுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. (அரங்கம் அதிரச் சிரிப்பு) ஹட்சன் ஆற்றில் இறங்குவோம் என்று முடிவெடுத்தது பொத்தான் இல்லை, மனுஷன்.

எதிரணியில் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். “லாரி டிரைவரும் பஸ் டிரைவரும் உயிரைச் சுமக்கலையா? அவங்களுக்கு ஏன் அந்தச் சம்பளம் இல்லை?” அருமையான கேள்வி. அதை நான் தலைவணங்கி ஏற்கிறேன். விடிய விடியப் பேருந்து ஓட்டுகிறவர் பின்னால் ஐம்பது குடும்பம் தூங்குகிறது. நம் நாட்டில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. பொதுவாக நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அதில் எழுதியிருந்தது. எழுத்து இருந்தது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, “கண் சொக்குது முதலாளி, நான் ஓட்ட மாட்டேன்” என்று சொல்லி, மறுநாளும் வேலையில் இருக்கிற லாரி டிரைவர் எத்தனை பேர்?

அதனால் அம்மா, உங்கள் கேள்வி என் கட்சிக்குத்தான் பலம். டிரைவருக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக விமானியிடமிருந்து பிடுங்கக் கூடாது. விமானி நூறு வருஷம் போராடி வாங்கியதை டிரைவருக்கும் கொடுக்கணும். உயிரைச் சுமக்கிற ஒவ்வொருத்தருக்கும் வயிறு நிறையக் கூலி, கண் நிறையத் தூக்கம், ‘இன்றைக்கு மாட்டேன்’ என்று சொன்னால் வேலை போகாத பாதுகாப்பு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சம்பளம்.

ஆகவே நடுவர் அவர்களே, மூடுபனி நாளில் ‘மாட்டேன்’ என்று சொன்னார்களே இரண்டு பேர், அவர்கள் சொன்ன அந்தச் சொல்லுக்குத்தான் இன்றைக்கு நாம் விலை கொடுக்கிறோம். அந்த விலையைக் குறைத்தால் மிச்சப் பணத்தை நம் பிள்ளைகளின் உயிரால் கட்ட வேண்டிவரும். விமானி வாங்கும் சம்பளம் சுமக்கிற பொறுப்புக்கே, பொறுப்புக்கே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.